டீக்கடைக்குப் போனவர்

“எனக்கு நானே ஒரு பட்டம் குடுத்துக்கிட்டேன் தங்கச்சி. ‘பஜ்ஜி வீரன்’!”

சொல்லிவிட்டு வெள்ளைச்சாமியே முதலில் சிரித்தார். எதிரே உட்கார்ந்திருந்த சுஜாதா சிரிக்கவில்லை. அவள் கணவன் மணிவேல் இறந்து எட்டு மாதம் ஆகிறது. போச்சம்பள்ளியில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் ஸ்டோர் ஷெட் மழையில் சரிந்து விழுந்ததில் போனவன். வெள்ளைச்சாமி அவனோடு ஒரே ஷிப்டில் இருந்தவர், விருதுநகர்ப் பக்கத்துக்காரர். பாரூரில் இந்த வீட்டுக்கு இன்றுதான் முதல் தடவையாக வருகிறார்.

“இதைச் சொல்லணும்னு நாலு தடவை பஸ் ஏறுனேன். நாலு தடவையும் பாதியில எறங்கிட்டேன். அம்புட்டு தைரியசாலி நானு.”

“சொல்லுங்கண்ணா.”

“ஷெட்டு சரியறப்ப நான் எங்க இருந்தேன் தெரியுமா? கேட்டுக்கு எதுத்த டீக்கடையில. கையில மொளகா பஜ்ஜி. பெரிய சத்தம் கேட்டுச்சு. எவனோ லோடு எறக்குறான்னு நெனச்சு, நான் பாட்டுக்கு இன்னொரு கரண்டி சட்னி கேக்குறேன்! இப்படி ஒரு ஆளை நீ பாத்திருக்கியா?”

சுஜாதா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“விஷயம் தெரிஞ்சு ஓடியாந்தேன். அதையாவது உருப்படியாச் செஞ்சேனா? வழுக்கி விழுந்து தோள்பட்டை எலும்பு முறிஞ்சு ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. பஜ்ஜி தின்னு எலும்பை ஒடச்சுக்கிட்டவன் இந்த ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான்.”

மறுபடியும் சிரித்தார்.

“கம்பெனியில இதைச் சொன்னா ஒருத்தனும் சிரிக்க மாட்டேங்குறான். தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போயிர்றானுங்க. அம்புட்டு கேவலமாத் தெரியுது போல என் மூஞ்சி.”

பிறகு சிரிப்பு வரவில்லை.

“போறப்ப ‘வாடா மணி’ன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அவனும் வந்திருப்பான். கூப்பிடலையே! வந்தா பஜ்ஜியில பங்கு கேப்பான்ல?” இரண்டு கைகளையும் கூப்பினார். “என்னைய வாய்க்கு வந்தபடி திட்டிரு தங்கச்சி. வேலையை விட்டுட்டு ஊர் போய்ச் சேந்துர்றேன்.”

“திட்டறதுக்கு ஒண்ணுமில்லீங்கண்ணா. வேலையெல்லாம் விடாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமை அண்ணியையும் கூட்டிக்கிட்டு சாப்பிட வாங்க.”

அவர் நம்பாமல் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“திட்டு வாங்கக்கூட நமக்கு யோக்கியதை இல்ல போலிருக்கு” என்றபடி செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார்.

அவர் தெருமுனை திரும்பியதும் உள்ளறையிலிருந்து மணிவேலின் அம்மா செல்வம்மாள் ஆவேசமாக வந்தாள்.

“எம்புள்ள அங்க உசுருக்குப் போராடிக்கிட்டு கெடந்தப்ப இவன் பஜ்ஜி தின்னுக்கிட்டு நின்னானாம். இவனுக்கு விருந்து வேறயா?”

“அவரு அன்னிக்கு டீக்கடைக்கே போகலீங்க அத்தே.”

“என்னடி சொல்ற? இப்பத்தான அவன் வாயாலயே சொன்னான்!”

“அவரு பொய் சொல்லலீங்க. நெசமாவே அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருக்காரு. காலையில அவரு சம்சாரம் போன் பண்ணி எல்லாம் சொன்னாங்க. தாங்க முடியாததை மனசு இப்படி மூடி வச்சிக்கிட்டு, மேல வேற ஒரு கதையைப் போட்டு வச்சிக்குமாம். தானா நெனப்பு வர்ற வரைக்கும் யாரும் எடுத்துச் சொல்லாதீங்கன்னு டாக்டரு சொல்லியிருக்காராம்.”

“பின்ன எங்கதான் இருந்தான்?”

சுஜாதா தெருமுனையைப் பார்த்தபடியே சொன்னாள்:

“இடிஞ்சு விழுந்ததுக்கு அடியில ஒருத்தரு நாப்பது நிமிஷம் உங்க புள்ளை கையை விடாம புடிச்சிக்கிட்டு, கண்ணை மூடிடக் கூடாதுன்னு எதையெதையோ சொல்லி சிரிக்க வச்சிக்கிட்டே இருந்தாரு, வெளியில நின்ன எனக்கு உங்க புள்ளை சிரிக்கிறது கேட்டுச்சுன்னு சொன்னேனில்லீங்களா அத்தே? அவருதாங்க இவரு.”