நாலு சிவப்புக் கம்பளி

மேடைக்குப் பின்னால் எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் சிங்கராயர் நாலு சிவப்புக் கம்பளிகளை மடித்து அடுக்குவதைச் சித்தன் பார்த்துவிட்டான்.

மறுபடி எண்ணினான். நாலேதான்.

அந்த எஸ்டேட்டில் கறுப்புக் கம்பளி என்றால் வேலைக்கு. சிவப்பு என்றால் சர்வீஸ் முடிந்து வீட்டுக்குப் போகிறவருக்கு. ரைட்டர் தோளில் போர்த்திக் கும்பிடு போட்டால், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அந்த ஆளுக்குப் பேர் கிடையாது.

மேடையில் இருப்பவர்களும் நாலு பேர்.

‘சில்வர் ஓக்ஸ்’ ராக் பேண்டு. நாலு பேருமே எஸ்டேட் ஆட்கள்தான். கிட்டார் அடித்துப் பாடுகிற லாசர், லாரி டிரைவர். இருபத்தொரு வருஷமாக மே மாதக் கடைசி ஞாயிறு, பள்ளிக்கூட மைதானத்தில் அவர்கள் கச்சேரி.

அத்தனை வருஷமும் சித்தன் செம்மநத்தத்திலிருந்து நடந்தே வந்து முதல் வரிசையில் நின்றிருக்கிறான். கவாத்துக் கத்தி பிடித்துக் காய்த்துப்போன கை, அந்த ஒரு சாயங்காலம்தான் தாளம் போடும். அதுவும் போய்விட்டால் வருஷம் முழுக்க வெறும் காப்பிச் செடிதான்.

“போச்சுங்கக்கா. சிவப்புக் கம்பளி வந்திருச்சு,” என்றான், பக்கத்தில் நின்ற பாவாயியிடம். அவளும் அங்கப்பனும் பெருமாளும் அவனைப் போலவே முதல் வரிசையை ஒரு வருஷமும் விட்டுக்கொடுக்காதவர்கள்.

“அட போ சித்தா. லாசருக்குத் தொப்பைதான் போட்டிருக்குது. தொண்டைக்கென்ன கேடு?”

“மூச்சு வாங்குதுங்களே!” என்றான் அங்கப்பன். “போன வருசம் பாட்டுக்கு நடுவால சோடா குடிச்சாரு, பாக்கலீங்களா?”

பெருமாளுக்குக் கண் கலங்கியிருந்தது.

கடைசிப் பாட்டு முடிந்தால்தானே கம்பளி? முடிய விடக்கூடாது என்று சித்தன் முடிவு கட்டினான்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் வரிசை நாலு பேரும் தொண்டை கிழிய ‘ஒன்ஸ்மோர்’ கேட்டார்கள். லாசர் வியர்க்க வியர்க்கத் திரும்பப் பாடினார். மூன்றாம் பாட்டு மூன்று தரம் ஓடியது. பின்னால் ஒரு பெரியவர், “வேற பாட்டே தெரியாதுங்களா இவுங்களுக்கு?” என்று எழுந்து போனார்.

எவ்வளவு நேரம்தான் இழுப்பது? மலையிலிருந்து பனி இறங்கி மைதானத்தை மூடத் தொடங்கியபோது டிரம்ஸ் ஓய்ந்தது.

ரைட்டர் கம்பளிகளோடு வந்தார். சித்தன் மேடையைப் பார்க்கவில்லை. தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

தோள் கனத்தது.

தொட்டுப் பார்த்தான். கம்பளி. திரும்பினால் பாவாயி தோளிலும் சிவப்பு.

மைக்கில் லாசர் சிரித்தார். “ஏனுங்க, இருபத்தொரு வருசமா நின்னுக்கிட்டே கேட்டீங்க. நிக்கற வேலையிலிருந்து உங்க நாலு பேருக்கும் இன்னியோட ரிட்டையர்மெண்ட். அடுத்த வருசத்திலிருந்து இதை விரிச்சு உக்காந்து கேளுங்க. எங்களுக்கு இன்னும் நொம்ப சர்வீஸ் கெடக்குதுங்க!”

மைதானமே விசிலடித்தது.

டிரம்ஸ் மறுபடி தொடங்கியது. பாவாயி அடுத்த வருஷம் வரை காத்திருக்கவில்லை. அங்கேயே விரித்துக் காலை நீட்டினாள். அங்கப்பனும் பெருமாளும் ஓரத்தில் தொற்றிக்கொண்டார்கள்.

சித்தன் தன் கம்பளியை நாலாக மடித்தான். இன்னும் ஒரு மடிப்பு மடித்தான். தரையில் போட்டு அதன்மேல் ஏறி நின்றான்.

இத்தனை வருஷம் மேடை விளிம்பு மறைத்த டிரம்ஸ்காரர் கை இன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.