ட்ரே வரும் வரைக்கும்

ஏர்போர்ட் கண்ணாடியில் நெற்றியை வைத்து அவள் தேடியபோது அவன் அங்கே இல்லை.

போய்விட்டான்.

இப்போதுதானே பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். திரும்பிக் கையைக்கூட ஆட்டினான். வழியனுப்ப வந்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் கண்ணாடிக்கு வந்து சேர்வதற்குள் ஆளைக் காணோம்.

வலது கோடியில் ஒரு புது வாசல். ஈ காக்கை இல்லை. முகத்தைக் காட்டினால் திறக்கும், விரலை வைத்தால் விட்டுவிடும்.

இடது பக்கம் பழைய வரிசை. கயிறு கட்டி, வளைத்து வளைத்து விட்டிருந்தார்கள். ஆட்கள் அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த வரிசையில்தான் அவளும் அவனும் குடும்பம் நடத்தினார்கள்.

சிரிக்க வேண்டாம். நிஜம்தான்.

வீட்டில் எங்கே பேசுவது? மஸ்கட்டிலிருந்து லீவில் வந்துவிட்டால் அவன் எல்லோருக்கும் பொது. மாமியாருக்கு மகன், நாத்தனாருக்குத் தம்பி, தெருவுக்கே வெளிநாட்டுக்காரன். கதவைச் சாத்தினால் வெளியே கூடம் முழுக்கப் பாய் விரித்துச் சொந்தம் படுத்திருக்கும். எத்தனை நாளைக்குத்தான் குசுகுசுவென்று பேச முடியும்?

ஏர்போர்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. வேன் பிடித்து வந்த அத்தனை பேரும் டீ குடிக்கப் போய்விடுவார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் அவன். இந்தப் பக்கம் அவள். இரண்டு பேர் காதிலும் போன்.

கல்யாணமான புதிதில் அவன் முதல்முதலாக அவளைக் ‘கண்ணு’ என்று கூப்பிட்டது அந்த வரிசையில்தான். வயிற்றில் பிள்ளை தங்காமல் போன வருஷம் இரண்டு பேரும் சேர்ந்து அழுததும் அங்கேதான். அவனுக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் இருந்துவிட்டார். நல்ல மனுஷன்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் அவளுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை.

“எப்பங்க ஒரேயடியா வருவீங்க?”

இதைக் கேட்கும்போதெல்லாம் சொல்லிவைத்தாற்போல் வரிசை முடிந்துவிடும். பை, பெல்ட், போன் எல்லாவற்றையும் ட்ரேயில் போட்டு மெஷினுக்குள் அனுப்பியாக வேண்டும்.

“ட்ரே வந்துருச்சு வாசுகி, வச்சிடுறேன்” என்பான்.

அவ்வளவுதான். அடுத்த லீவு வரைக்கும் அந்தக் கேள்வி அவள் தொண்டையிலேயே கிடக்கும்.

போன மாசம் அவன்தான் மஸ்கட்டிலிருந்து கேட்டான். புதிதாக ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். முன்கூட்டியே பதிந்து வைத்தால் தனி வாசல், வரிசையே கிடையாதாம். பதியவா, வேண்டாமா?

“பதிங்க, பதிங்க” என்று குதித்தாள். வீட்டிலிருந்து சாவகாசமாகக் கிளம்பலாமே! மிச்சமாகிற நேரமெல்லாம் தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள். பாழாய்ப்போன மனசு, வேறெப்படி நினைக்கும்?

மிச்சமான நேரத்தை நாத்தனார் எடுத்துக்கொண்டாள். பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் வைக்கப் பெட்டியைப் பிரித்தாள். கட்டினாள். எடை கூடுகிறது என்று மறுபடியும் பிரித்தாள். வாசுகி அடுப்படியில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் தோசை வார்த்தாள். கடைசித் தோசையைத் திருப்பிப் போடும்போது வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான்.

இப்போது வரிசையும் போச்சு.

கையிலிருந்த போன் அடித்தது.

“உள்ள வந்துட்டேன். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள விட்டுட்டாங்க.” பெருமையாகத்தான் ஆரம்பித்தான். குரல் பாதியிலேயே இறங்கிவிட்டது. “இங்கேருந்து கண்ணாடி தெரியல வாசுகி.”

அவள் கண்ணாடியிலிருந்து நெற்றியை எடுத்தாள்.

“வரிசை இருக்கா?”

“எந்த வரிசை?”

“நம்ம வரிசை.”

அவள் பார்த்தாள். கடைசியில் ஊதாச் சட்டை போட்ட ஒருத்தர் வந்து நின்றார். பின்னாலிருந்து பார்த்தால் கொஞ்சம் அவன் ஜாடை.

“இருக்கு” என்றாள். “நீங்க கடைசில நிக்கிறீங்க. உங்களுக்கு முன்னாடி ஒரு அம்மா, இடுப்புல கைப்பிள்ளை.”



“சரி. சொல்லு.”

சொன்னாள். தோசைக்கல்லில் விரலைச் சுட்டுக்கொண்டதைச் சொன்னாள். காலையில் அவன் கழற்றிப் போட்ட சட்டையைத் துவைக்காமல் தலையணைக்கடியில் வைத்திருப்பதைச் சொன்னாள். “அசிங்கம் புடிச்சவளே” என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்கு வேண்டியிருந்தது.

ஊதாச் சட்டை நகர்ந்தது.

“இப்ப எங்க நிக்கிறேன்?”

“வளைவுல. அந்தப் புள்ள உங்களைப் பார்த்துச் சிரிக்குது.”

ஊதாச் சட்டை வளைவைத் தாண்டியது. இனிமேலும் தள்ளிப்போட முடியாது.

“எப்பங்க ஒரேயடியா வருவீங்க? என்னால முடியலங்க. எனக்கு நீங்க வேணும்.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஊதாச் சட்டைக்காரர் பெல்ட்டைக் கழற்றினார். பையிலிருந்த சாவியை எடுத்துப் போட்டார். போனை ஒருதடவை பார்த்துவிட்டு அதையும் ட்ரேயில் வைத்தார். கையை விரித்துக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

“வாசுகி, ட்ரே…” என்று ஆரம்பித்தான்.

நிறுத்திக்கொண்டான்.

போனை வைக்கவில்லை.

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அங்கேயே நின்றாள்.