3306இல் இருந்தது யார்?

“மச்சான், என்ட கொம்பியூட்டரத் தொட்ட நீங்களா?”

ஸலாமும் இல்லை, சுகம் விசாரிப்பும் இல்லை. பஹ்மிதா போனில் எடுத்த எடுப்பிலேயே புருசன் இஹ்ஸானைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்தில், கல்முனை பஸாரில் இருக்கும் அவருடைய மோட்டார்சைக்கிள் பார்ட்ஸ் கடையில் யாரோ எஞ்சினை முறுக்குகிற சத்தம்தான் வந்தது.

அவள் பதறியதிலும் ஞாயம் இருந்தது. பதினொரு மணிக்குக் கொழும்புக் கொம்பனி ஒன்றுக்குச் சூமில் தன்னுடைய ப்ரோக்ராமை ஓட்டிக் காட்ட வேண்டும். டொக்டரைக் காட்ட நோயாளிகள் நம்பர் எடுக்கிற ப்ரோக்ராம். சரியாக ஓடினால், மருதமுனை வீட்டில் இருந்தபடியே செய்கிற வேலை. எட்டு மாதம் ஒன்லைனில் படித்து, எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டு, கூப்பிட்டது இந்த ஒரேயொரு கொம்பனிதான்.

நேற்று மத்தியானம் வரைக்கும் நல்லா ஓடின சாமான். இப்போது மணி பத்தரை. விபரமெல்லாம் கிடக்கிற டேட்டாபேஸ் எழும்ப மாட்டேன் என்கிறது. அது எழும்பாவிட்டால் ப்ரோக்ராம் வெறும் கோது. அமத்துகிற பக்கமெல்லாம் சிவப்பு எழுத்தில் எரர்தான் வந்தது.

இது போதாதென்று அடுத்த வளவு வீட்டிலிருந்து அவளுடைய மூத்த சகோதரி நபீலா ராத்தா வேறு வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நேத்துப் பின்னேரம் நீ வாப்பாவோட ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக்குள்ள, உன்ட புருசன்தான் கொம்பியூட்டருக்கு முன்னால குந்திக்கிட்டு இருந்தார். என்னக் கண்டதும் டக்கெண்டு எழும்பிட்டார். பொண்டாட்டி உழைக்கப் போறாள் எண்டா எந்த ஆம்பிளைக்குப் பொறுக்கும்?”

“சொல்லுங்க மச்சான். தொட்ட நீங்களா, இல்லையா?”

“ஓம்... தொட்டன்தான். சும்மா.”

“சும்மாவா?” பஹ்மிதாவுக்குத் தலைக்கேறிவிட்டது. “எட்டு மாசமாப் படிக்கிறன். ஒரு நாளாவது, என்ன படிக்கிற எண்டு ஒரு கேள்வி கேட்டிருப்பீங்களா? வேல கிடைக்கப் போற நேரம் பார்த்து வந்து கைய வெச்சிருக்கீங்க. நீங்க ஓஎல் சோதினையில பெயில் எண்டா நானும் பெயிலாகணுமா?”

சொன்ன பிறகுதான் வாய் கூசியது. தூபம் போட்ட நபீலாவே நிலத்தைப் பார்த்தாள்.

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தாள். வைக்கவில்லை.

“புள்ள, எரர்ல என்ன எழுதியிருக்கு? வாசி.”

“வாசிச்சா உங்களுக்கு விளங்குமா?”

“நீ வாசி.”

இங்கிலீசில் இருந்ததைக் கடகடவென்று வாசித்தாள். 3306 என்ற போர்ட்டில் ஏற்கனவே வேறொன்று ஓடுகிறதாம்.

“அப்ப பிழை என்டதான்,” என்றார் இஹ்ஸான். “நேத்து நான் இன்னொரு டேட்டாபேஸ் போட்டன். கொம்பியூட்டர் ஓன் பண்ணின உடனே அது தானா எழும்பி உன்ட 3306ஆம் வாசல்ல குந்திக்கிட்டுது. ஒரு வாசல்ல ரெண்டு இருக்கேலா. சேர்விசஸ் லிஸ்டத் திற. நான் போட்டது அதுக்குள்ள ஓடிக்கிட்டுக் கிடக்கும். அத ஸ்டொப் பண்ணிட்டு, மறுகா உன்டத ஸ்டார்ட் பண்ணு.”

பஹ்மிதாவின் கை மவுசில் அப்படியே நின்றுவிட்டது. பிரேக் கேபிள், செயின் செட், ப்ளக் என்று மட்டுமே கதைக்கிற வாயா இது?

“கெதியா, புள்ள. நேரம் போகுது.”

அவர் சொன்னதை நிறுத்தினாள். தன்னுடையதை ஸ்டார்ட் பண்ணினாள். பச்சை விழுந்தது. ப்ரோக்ராமைத் திறந்தால், நோயாளிகளின் பெயர்கள் நம்பரோடு வரிசையாக வந்து நிற்கின்றன.

“யா அல்லாஹ், வந்திட்டு மச்சான்!”

“அல்ஹம்துலில்லாஹ். பயப்படாமச் செய்.” போனை வைத்துவிட்டார்.

திரும்பிப் பார்த்தால் நபீலா ராத்தாவைக் காணோம்.

சூமில் மூன்று பேர் மாறி மாறிக் கேட்டார்கள். பஹ்மிதா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். முதலாம் திகதியே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டார்கள்.

மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டு இஹ்ஸான் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டு மீனாணத்தை ஊற்றும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“வேல கிடைச்சிட்டு மச்சான்.”

“மாஷா அல்லாஹ்!” அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“காலையில நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடா. மனசுல வெச்சிக்காதீங்க.”

“ஓஎல் பெயில்தானே. நீ என்ன பொய்யா சொன்ன?” என்று சோற்றைப் பிசைந்தார்.

“இதெல்லாம் எங்க படிச்ச நீங்க?”

“யூடியூப்லதான். கடையில ஆக்கள் இல்லாத நேரத்துல, ஆறு மாசமாப் பார்க்கிறன். போன்ல பார்த்து முழுசா விளங்கல்ல. ஒருக்காப் போட்டுப் பார்ப்பம் எண்டு நேத்துக் கைய வெச்சன். அது இப்பிடி வாசல மறிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?”

“உங்களுக்கு இது என்னத்துக்கு மச்சான்? கடைக்கா?”

இஹ்ஸான் சோற்றுப் பீங்கானைப் பார்த்தபடியே சொன்னார்:

“கடைக்கு என்னத்துக்கு? நீ என்ன படிக்கிற எண்டு உன்னட்டக் கேக்கத்தான். கேக்கிறதுக்கும் கொஞ்சம் தெரிஞ்சிருக்கணுமே, புள்ள.”