ஓரத்துச் சிப்பாய்

ஆட்டம் பத்து மணிக்குத் தொடங்கியதா, பத்தரைக்கா என்று இப்போது எனக்கு நிச்சயமில்லை. வக்கீல் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டே வந்து உட்கார்ந்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அது மாநிலச் செஸ் போட்டியின் கடைசிச் சுற்று. ஜெயிப்பவர் தேசியப் போட்டிக்குப் போவார். நான்கு வருடமாக அந்த இடம் வக்கீலின் கைக்கு எட்டாமல் நழுவிக்கொண்டிருந்தது. எதிரே வெள்ளைக் காய்களுடன், வழக்கமாக அவருக்கு முடிவெட்டும் சலூன்காரர்.

அன்று காலை கடை திறந்ததுமே வக்கீல் அங்கே போய், கத்தரிச் சத்தத்துக்கு நடுவே குறுக்கு விசாரணையை முடித்திருந்தார்.

"அண்ணே, இன்னைக்கு முதல்ல எதை நகர்த்தப் போறீங்க?"

"ராஜாவுக்கு முன்னாடி இருக்கிற சிப்பாய்தான் சார். ரெண்டு கட்டம். எனக்கு வேற என்ன தெரியும்?"

அதற்கான பதில்களை முணுமுணுத்தபடியே வக்கீல் நேரே அரங்குக்கு வந்துவிட்டார்.

கை குலுக்கினார்கள். சலூன்காரர் பலகைமேல் குனிந்து, ஓரத்துச் சிப்பாயின் தலையை ஒற்றை விரலால் தட்டினார். மறுகணம் அவர் முகம் செத்துப்போயிற்று. நடுவரைப் பார்த்தார். பிறகு அதே சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுக் கடிகாரத்தை அமுக்கினார்.

"காலையில என்ன சொன்னீங்க?" வக்கீல் பல்லைக் கடித்தார்.

"பேசக் கூடாது சார்" என்றார் நடுவர்.

இவ்வளவு அப்பாவி முகத்தோடு ஒருவர் பொய் சொன்னால், பின்னால் ஏதோ பெரிய பொறி இருக்க வேண்டும். வக்கீல் அதைத் தேடினார். முதல் பதிலுக்கே நாற்பது நிமிடம் போயிற்று. கடைசியில், ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தில் நேரம் தீர்ந்து தோற்றார்.

சலூன்காரர் தேசியப் போட்டிக்குப் போய், எல்லாச் சுற்றிலும் தோற்றுத் திரும்பினார். வக்கீல் காது மறையும்வரை முடி வளர்த்துப் பார்த்துவிட்டு, பழைய நாற்காலிக்கே வந்து சேர்ந்தார்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லுங்கண்ணே. எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு, அங்க ஏன் அதை நகர்த்தினீங்க?"

கத்தரி நின்றது.

"வேணும்னு செய்யல சார். சிப்பாய் தலையில ஒரு முடி கிடந்துச்சு. தொழில் பழக்கம், தட்டி விட்டுட்டேன். தொட்ட காயைத்தானே நகர்த்தணும்?"

"போட்டிப் பலகையில யாரு முடி அது?"

சலூன்காரர் அவர் கழுத்திலிருந்த துணியை அவிழ்த்து உதறினார்.

"உங்களுதுதான் சார்."