வரி ஒன்று, பார்வை 365

“சார், இந்த ஒரு டேபிளை மட்டும் அழிக்க வேணாம். யாரோ பாக்கறாங்க.”

“ஆரம்பிச்சிட்டியா! மத்த பதினேழை வாயைத் திறக்காம அழிக்கறேன்னே. இது ஒண்ணுல மட்டும் என்னம்மா உனக்குப் பிடிவாதம்?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார் மேலாளர்.

காணாமல் போனவர்களைப் பற்றிய புகார்களைப் பதிந்துவைக்கும் அலுவலகம் அது. கம்ப்யூட்டரில் வருஷத்துக்கு ஒரு டேபிள், அதாவது பட்டியல்; அதில் ஆளுக்கு ஒரு வரி. வீட்டில் கூப்பிடும் பெயரைப் போட்டால் இணையத்தில் அவருடைய பக்கம் திறக்கும்; அது ஒரு பார்வையாகக் கணக்கில் ஏறும். ஆள் கிடைத்துவிட்டால் அவருடைய வரியை எடுத்து வேறு இடத்தில் போட்டுவிடுவார்கள். சர்வரில் இடம் இல்லை என்று மேலிடத்தில் ஒரே கூச்சல். ஒரு வருஷமாக யாரும் திறக்காத பழைய டேபிள்களை இன்று மாலை ஐந்து மணிக்குள் அழித்தாக வேண்டும். மேலாளருக்கு எதையும் கூட்டிப் பெருக்கி வெளியே போடுவதில் கொள்ளை ஆசை. ‘துடைப்பம்’ என்றுதான் அலுவலகத்தில் அவருக்குப் பெயர். அது அவருக்கும் தெரியும்.

டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண், கறுப்புத் திரையில் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினாள். சரசரவென்று பட்டியல் இறங்கியது. எந்த டேபிளில் எத்தனை வரி, அது எவ்வளவு இடம் பிடிக்கிறது, ஒரு வருஷத்தில் எத்தனை தடவை திறந்திருக்கிறார்கள், எல்லாம் வந்தது. பழசு அத்தனைக்கும் பார்வை சைபர். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய டேபிள் மட்டும் வேறு மாதிரி இருந்தது: வரி ஒன்று, பார்வை 365.

“அந்த வருஷத்துல மத்த எல்லாரும் கிடைச்சிட்டாங்க சார். பாக்கி இந்த ஒரு ஆளுதான்.”

“தினமும் நகல் எடுக்குதே நம்ம பேக்கப் புரோகிராம், அது தொட்டிருக்கும்மா. இதுக்குப் போயி...”

“அது தொட்டா பதினெட்டையும்ல தொடணும்? மத்ததுல ஏன் சைபர் வருது?”

துடைப்பம் கடிகாரத்தைப் பார்த்தார். “சரி, அந்த எண்ணிக்கையைச் சைபராக்கு. இன்னிக்கு ஏறுதான்னு பாப்போம். ஏறலேன்னா அஞ்சு மணிக்கு அழிச்சிடணும். அப்புறம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது, ஆமா.”

அரைமணிக்கு ஒரு தடவை அதே கட்டளையைத் தட்டினாள். சைபர். பதினொரு மணிக்கும் சைபர், பன்னிரண்டுக்கும் சைபர். “ஏறிச்சா?” என்று மேலாளரே மூன்று தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு கையால் மறுபடி தட்டினாள். மணி ஒன்று பத்து.

பார்வை 1.

“சார்!”

ஓடி வந்தவர் அந்த வரியைத் திறக்கச் சொன்னார். காணாமல் போனது பத்தொன்பது வயதுப் பெண். புகார் கொடுத்தது அப்பா.

“பெத்த மனசு பாரேன்! தினமும் ஒரு தடவை வந்து பாக்கறாரே மனுஷன்” என்றார் மேலாளர். அவர் குரலே மாறிவிட்டிருந்தது. “நல்ல வேளை, நான் பாட்டுக்கு அழிக்கச் சொல்லியிருப்பேன். அவருக்கு ஒரு போன் போட்டு, பயப்படாதீங்க, அழிக்க மாட்டோம்னு சொல்லிடும்மா.”

பன்னிரண்டு வருஷத்து நம்பர். இருக்காது என்று நினைத்துத்தான் ஸ்பீக்கரில் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

“ஐயா, உங்க பொண்ணு புகார் விஷயமா...”

“கிடைச்சிட்டாளா?”

அவளுக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “இல்லீங்கய்யா. நீங்க தினமும் மத்தியானம் எங்க பக்கத்தைத் திறந்து பாக்கறீங்கள்ல, அதை அழிக்க மாட்டோம்னு சொல்லத்தான்...”

“எந்தப் பக்கம்மா?”

“வீட்டுல கூப்பிடற பேரைப் போட்டாத் திறக்குமே ஐயா. ‘இன்னும் தேடப்படுகிறார்’னு வருமே.”



“நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லம்மா. இப்ப கண்ணும் சுத்தமாத் தெரியல. சுண்டெலின்னு கூப்பிடுவோம். அந்தப் பேரு எனக்கும் அவ அம்மாவுக்கும் அவளுக்கும்தான் தெரியும். அவ அம்மா போய்ச் சேந்து மூணு வருஷம் ஆச்சு. பாவி நான், கோவத்துல ‘வாசப்படி தாண்டினா உன்னைத் தேட மாட்டேன்’னு சொல்லிட்டேன். அன்னிக்குப் போனவதான்...”

மேலாளர் போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“ஐயா, உங்க சுண்டெலி உயிரோட இருக்கா. நீங்க இன்னும் தேடறீங்களான்னு தினமும் வந்து பாத்துட்டுப் போறா.”