பட்டினிப் பரிசோதனை

"வயித்தை உள்ள இழுங்கடி, டாக்டர் மாடியேறி வர்றாங்க!"

அறைத்தோழி ஜில்திஸ் எச்சரித்ததும், பெர்மெத் போர்சோக் ரொட்டிப் பொட்டலத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பிஷ்கெக் கல்லூரி விடுதிப் பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று டாக்டர் எழுதிவிட்டால், இலவச மதியச் சாப்பாடு வருமாம். பாதி நாள் வெறும் டீதான் என்பது உண்மையே. கொஞ்சம் நடிப்பையும் சேர்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் வாசலில் பூட்ஸைக் கழற்றினார். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. வெள்ளைக் கோட்டு கணுக்கால்வரை தொங்கியது.

"ஒழுங்கா சாப்பிடலைன்னா படிப்பு எப்படிம்மா ஏறும்? கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்துக் காலையில, டாக்டரம்மா," என்று ஜில்திஸ் சுவரில் சாய்ந்தாள். அருமையான சாய்வு.

பெர்மெத்துக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. வந்த விருந்தாளிக்கு முன்னால் வெறும் சாப்பாட்டு விரிப்பா? நாரின் மலைக்காரிக்கு உயிரே போய்விடும்.

"ஒரு வாய் ரொட்டியாவது..." என்று பொட்டலத்தை இழுத்துப் பிரித்தாள்.

ஜில்திஸ் முறைத்தாள். அடுத்த நிமிடம் அவளே, அம்மா அனுப்பிய குதிரைக்கறி கஸியை நறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து அறைகளிலிருந்து வெண்ணெய் வந்தது, ஜாம் வந்தது.

டாக்டர் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜாமில் தோய்ந்த ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். மிச்சத்தை, அந்த ஊர் விருந்தாளிகளின் வழக்கப்படி, பையில் கட்டிக்கொண்டார்.

"உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அமோகமா இருக்கீங்க!" என்று கிளம்பினார்.

"மதியச் சாப்பாட்டுக்கு வேட்டு வச்சிட்டியேடி, பாவி!" என்று ஜில்திஸ் அழாத குறை.

பெர்மெத்துக்கும் அழுகை வந்தது. டாக்டர் மறந்துவிட்டுப்போன ஸ்டெதஸ்கோப் கண்ணில் பட்டது. அதைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். காலில் விழுந்தாவது பட்டினி என்று எழுத வைத்துவிட வேண்டும்.

கீழே வாசல் கதவுக்குப் பின்னால் டாக்டர் கோட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளே பக்கத்துக் கல்லூரியின் பெயர் போட்ட பனியன். எதிரே எலும்பும் தோலுமாய் இன்னொருத்தி கையை நீட்டி நின்றாள்.

"எனக்கு வயிறு ரொம்பிடுச்சு. இப்ப நீ டாக்டர். மூணாம் விடுதிக்கு ஊர்லேருந்து கறி வந்திருக்காம், ஓடு!"

திரும்பியவர்கள் பெர்மெத்தைப் பார்த்ததும் கோட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

பெர்மெத் ஸ்டெதஸ்கோப்பைத் துடைத்து நீட்டினாள்.

"அக்கா, நாளைக்கு அந்தக் கோட்டு எனக்கு."