ஐந்து மார்க் கிரகங்கள்

“இதுக்குப் பூஜ்யமா? மனசாட்சியோடதான் சொல்றீங்களா சார்?”

இயற்பியல் ஆசிரியை அந்த விடைத்தாளைத் தலைமைத் தேர்வாளரின் மேஜைமேல் வைத்தாள். வைத்தாள் என்பதைவிட அறைந்தாள் என்பதே பொருந்தும். தாள் திருத்தும் கூடத்தில் நாற்பது சிவப்புப் பேனாக்கள் ஒரு கணம் நின்றன.

கேள்விக்கு ஐந்து மார்க்: கிரகங்கள் எவ்வாறு தோன்றின?

“கீயில என்ன இருக்கு டீச்சர்?” என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

விடைக்குறிப்பை அவர்கள் கீ என்றுதான் சொல்வார்கள். அதில் இருந்தது இது: சூரியனை ஒட்டிக் கடந்துபோன ஒரு விண்மீன், சூரியனிலிருந்து பிய்த்து இழுத்த பொருளே கிரகங்கள் ஆயிற்று.

“அது எந்தக் காலத்துக் கதை! தப்புன்னு தூக்கிப் போட்டு எத்தனை வருஷமாச்சு! இந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கு, கேளுங்க.”

கூடம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

“‘தூசியும் வாயுவும் நிறைந்த மேகம் ஒன்று தன் ஈர்ப்பாலேயே சுருங்கியது. சுருங்கச் சுருங்க வேகமாகச் சுழன்று தட்டையானது. நடுவில் சூரியன். மிச்சத் தூசி ஒன்றோடொன்று ஒட்டியது. ஒட்டியது பெருத்தது. பெருத்தது இன்னும் இழுத்தது. அப்படித்தான் கிரகமானது.’ நானே இவ்வளவு அழகா நடத்தினதில்ல சார்!”

“கீயில இல்லாததுக்கு மார்க் கிடையாது.”

“ரெண்டே மார்க்ல ஃபெயில் ஆகுது. ஒரு வருஷமே போயிடும். உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படிச் சொல்லுவீங்களா?”



“விடுங்க டீச்சர்,” என்றார் பக்கத்து மேஜைக்காரர். “சூரியனே நேர்ல வந்து சாட்சி சொன்னாலும், கீயில இருக்கான்னுதான் கேப்பார்.”

யாரோ சிரித்தார்கள்.

“அப்ப நீங்களே போடுங்க சார். எனக்குக் கை வராது.”

அவர் போட்டார். அவசரமில்லாமல், வட்டமாக. கீழே சின்ன எழுத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டு, தாளைத் தனி உறையில் போட்டு ஒட்டினார்.

“கல்லு சார் நீங்க, கல்லு!”

மதியம் அவர் உட்கார்ந்த மேஜையில் அவள் சாப்பிட மறுத்தாள். மாலைக்குள் அவர்மேல் ஒரு புகார் மனு எழுதினாள். பதினோரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்களின் பேனாவில் அந்த நேரம் பார்த்து மை தீர்ந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. திருத்தும் முகாமின் அதிகாரி வந்து நின்றார்.

“அந்த ஐந்து மார்க் கேள்விக்குப் புது கீ வந்திருக்கு. எல்லா மையத்திலயும் மறுபடி திருத்தணும். பழைய தலைமைத் தேர்வாளர் இனிமே வரமாட்டார். தேர்வு வேலையிலேருந்தே நீக்கிட்டாங்க.”

“வேணும், நல்லா வேணும்!” என்றாள் ஆசிரியை. “கடைசியில என் மனுவை யாரோ படிச்சிருக்காங்க.”

“உங்க மனு இன்னும் என் டிராயர்லதான் இருக்கு டீச்சர்.”

அவள் விழித்தாள்.

“நீங்க கேட்ட மார்க்கை அவர் போட்டிருந்தா, அந்த ஒரு பிள்ளை பாஸாயிருக்கும். மத்த மையத்துல இதே மாதிரி சரியா எழுதின பிள்ளைங்க கதி? பாஸான தாளை யாரும் திரும்பிப் பார்க்கிறதில்ல. ஃபெயிலான தாள்ல தலைமைத் தேர்வாளரே ஆட்சேபம் எழுதினா, பாடக்குழு கூடியே ஆகணும். அதுதான் விதி.”

“அப்படின்னா நல்லதுதானே பண்ணியிருக்கார்! அவரை எதுக்கு நீக்கணும்?”

அதிகாரி அந்தத் தாளின் நகலை நீட்டினார். பூஜ்யத்துக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி.

‘மாணவர் எழுதியதே சரி. விடைக்குறிப்பு தவறு.

அதைத் தயாரித்தவன் நான்.’